ஓர் ஆங்கிலேயக் கிராமத்தின் பாரிஷ் பதிவுகள்: எதை முதலில் தேடுவது, எதை அப்புறம் தேடுவது

இங்கிலாந்தின் சின்னக் கிராமம் ஒன்றில் 1700களில் வாழ்ந்த குடும்பத்தை இன்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் முடிகிற வேலைதான். முடியாமல் திரும்புகிறவர்களில் பலருக்கு ஆவணம் இல்லாதது பிரச்சினையே அல்ல. வரிசை தப்பிவிடுகிறது. வந்ததும் ஒரு பெயரை இணையத்தில் தட்டுகிறார்கள். அதே பெயரில் ஒருவர் கிடைக்கிறார். அவரை வம்சாவளியில் சேர்த்துவிட்டு உடனே அவருடைய அப்பாவைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நாலு தலைமுறை போன பிறகுதான் அந்த முதல் ஆளே வேறு குடும்பத்தவர் என்று தெரிகிறது.

நான் சொல்லும் முறை: முதலில் ஊர், அப்புறம்தான் ஆள். முன்னோரைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினருக்கும், இங்கிலாந்திலேயே குடியிருந்து தங்கள் ஊரின் கதையைத் தேடுபவர்களுக்கும், பிரிட்டிஷ் காலக் கலெக்டர் ஒருவரின் பூர்விகத்தை ஆராயும் மாணவருக்கும் இதே வரிசைதான்.

உதாரணத்துக்கு ஹாம்ப்ஷயர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஆல்டன் நகருக்குத் தெற்கே உள்ள செல்போர்னை எடுத்துக்கொள்கிறேன். இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட்டின் ஊர். 1783 அக்டோபர் 4 தேதியிட்ட அவருடைய கணக்கில் அந்தப் பாரிஷில், அதாவது ஒரே தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதியில், 136 குடும்பங்கள், 676 பேர். ஒருவர் தனியாக உட்கார்ந்து முழுப் பாரிஷையும் அலசிவிடக்கூடிய அளவு இது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நிகழ்வு வேண்டும்: இன்ன பெயர், இன்ன தேதி, இன்ன ஊர். ஒரு திருமணச் சான்றிதழ் போதும். "எங்கள் பாட்டியின் தாத்தா ஹாம்ப்ஷயர்காரர் என்று சொல்வார்கள்" என்பது போதாது. அதை வைத்துத் தேடினால் கிடைக்கும் எந்த ஆளும் பொருத்தமானவராகவே தெரிவார்.

அடுத்து ஒரு தேடல் குறிப்பேடு. எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பெயரைத் தேடினீர்கள் என்று எழுதுங்கள். கிடைக்காததையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். புதிதாக வருபவர்கள் கிடைத்ததை மட்டும் குறித்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதே பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பழைய கணக்குமுறையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நிலத்துக்கு 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். ஏழைகளுக்குக் கொடுத்த உதவிக் கணக்கும் நில அளவும் இதில்தான் இருக்கும்.

2. பாரிஷின் எல்லையை வரையுங்கள்

வரைபடத்தில் இன்று தெரியும் கிராமம் வேறு, பழைய பாரிஷ் வேறு. செல்போர்ன் பாரிஷுக்குள் ஓக்ஹேங்கர், பிளாக்மோர் போன்ற குடியிருப்புகளும் இருந்தன. 1783இன் 676 பேரில் கிராமத் தெருவில் இருந்தவர்கள் 313 பேர்தான். மீதி 363 பேர் வெளியே சிதறிக் கிடந்தார்கள். சென்சஸில் ஓக்ஹேங்கர் என்று பார்த்துவிட்டு "ஓக்ஹேங்கர் தேவாலயப் பதிவேடு" எங்கே என்று தேடுவது வீண்வேலை. அந்தக் காலத்துக்கு அது செல்போர்ன் பதிவேட்டில்தான் இருக்கும்.

எல்லைகள் மாறவும் செய்தன. 1860களில் பிளாக்மோர் தனித் திருச்சபைப் பாரிஷ் ஆனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் செல்போர்ன் பதிவேட்டிலிருந்து காணாமல் போனால், ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. வீடு மாறாமலே தேவாலயம் மாறியிருக்கலாம். 1894இல் பாரிஷ் கவுன்சில்கள் வந்த பிறகு நிர்வாகப் பாரிஷ் ஒன்றும் திருச்சபைப் பாரிஷ் ஒன்றும் ஒரே பெயரில் இருக்கும், எல்லை ஒன்றாக இருக்காது.

அண்டைப் பாரிஷ்களின் பட்டியல் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். செல்போர்னைத் தொட்டுக்கொண்டு 12 பாரிஷ்கள் இருந்ததாக ஒயிட் கணக்கு சொல்கிறார். அவற்றில் டிராட்டன், ரோகேட் இரண்டும் சசெக்ஸ் கவுண்டி. அதாவது வேறு கவுண்டி, வேறு திருமண்டலம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பாரிஷ்களின் தொகுப்பு), வேறு ஆவணக் காப்பகம். கூலிக்காரக் குடும்பம் வேலைக்காகப் பக்கத்துப் பண்ணைக்கு மாறினால்கூட அதன் பதிவுகள் வேறு நகரத்துக்குப் போய்விடும்.

இந்த வேலைக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் போதும். பெயர் ஸ்காட்லாந்தாக இருந்தாலும் இங்கிலாந்தின் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் உள்ள தாளில் பாரிஷ் எல்லை புள்ளிக்கோடாகத் தெரியும்.

3. எந்தக் காகிதம் எந்த ஊரில் இருக்கிறது?

பாரிஷ் குருவானவருக்குக் கடிதம் எழுதுவதுதான் பலர் முதலில் செய்யும் காரியம். பெரும்பாலும் பயனில்லை. 1978இல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த பதிவேடுகள் பொதுவாகத் திருமண்டலத்துக்கான ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். தேவாலயத்தில் மிஞ்சியிருப்பவை அண்மைக்காலப் பதிவேடுகள்தான்.

செல்போர்ன் விஷயத்தில் பதிவேடுகள் வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்துக்கு உரியவை. சென்சஸும் அரசு ஆவணங்களும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். சசெக்ஸ் பக்கத்து அண்டைப் பாரிஷ்கள் சிச்செஸ்டரில். மேனர், அதாவது நிலப்பிரபுவின் பண்ணை நிலம், பற்றிய ஆவணங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கே போக வேண்டும். செல்போர்னில் 1233இல் தொடங்கப்பட்ட மடத்தின் சொத்துகள் 1480களில் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. நிலமும் குருவானவரை நியமிக்கும் உரிமையும் கல்லூரியிடம் இருந்ததால் அந்தக் காகிதங்களும் அங்கேயே தங்கிவிட்டன.

எந்தக் கிராமத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நிலம் யாருடையது? கல்லூரி, கதீட்ரல், பிரபு குடும்பம் என்று பதில் எதுவானாலும் அவர்களுடைய காப்பகம் எங்கே என்று பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகம் மேனர் ஆவணங்களுக்கென்றே ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. பாரிஷ் பெயரைக் கொடுத்தால் எந்த ஆண்டு ஆவணம் எங்கே என்று காட்டும்.

பட்டியலில் ஆள் பெயரைத் தேடாதீர்கள், பெரும்பாலான ஆவணங்கள் பெயர்வாரியாக அட்டவணை ஆகவில்லை. பாரிஷ் பெயரின் கீழ் உள்ள தொகுப்பைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அரைமணி நேர வேலை. எந்த ஆண்டுகளுக்கு எது இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

4. 1837 வரை பின்னோக்கி வாருங்கள்

1837 ஜூலை 1 அன்று, பிறப்பு, திருமணம், இறப்பை அரசே எழுதும் சிவில் பதிவு தொடங்கியது. அதற்குப் பிந்தைய காலத்தை முடிக்காமல் பாரிஷ் பதிவேட்டைத் தொடக்கூடாது. காரணம், பிந்தைய ஆவணங்களில் வயது, பெற்றோர், முகவரி, தொழில் எல்லாம் உண்டு. முந்தையவற்றில் பல நேரம் வெறும் பெயர்தான். தகவல் நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வந்தால்தான் ஆளை அடையாளம் தெரியும்.

சிவில் பதிவு அட்டவணை காலாண்டுவாரியாக இருக்கும், அதுவும் பதிவான தேதிப்படி. டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் இருப்பது சர்வசாதாரணம். பதிவு மாவட்டம்தான் அதில் இருக்கும், கிராமம் இருக்காது. செல்போர்ன் என்று தேடினால் வராது, ஆல்டன் என்று தேட வேண்டும். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் 1837 முதலே பிறப்புகளுக்குத் தாயின் கன்னிப்பெயர் உண்டு. மற்ற தளங்களில் உள்ள பழைய அட்டவணையில் அது 1911இல்தான் தொடங்குகிறது. ஆகவே முதலில் அலுவலகத்தின் தளத்துக்கே போங்கள். 1875 வரை பதிவுசெய்யாவிட்டால் பெற்றோருக்கு அபராதம் இல்லை என்பதால் சில பிறப்புகள் அதில் இருக்கவே இருக்காது. அப்போது ஞானஸ்நானப் பதிவே துணை.

சென்சஸில் பெயரோடு கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1841 ஜூன் 6 தேதியது. அதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். உறவுமுறையும் கிடையாது. ஒரே வீட்டில் இருப்பதால் அப்பா, அம்மா, பிள்ளை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். சித்தப்பாவாகவும் இருக்கலாம்.

அதனால் 1841இலிருந்து நேரே பதிவேட்டுக்குத் தாவாமல் 1851ஐப் பிடியுங்கள். அதில்தான் குடும்பத் தலைவருக்கு உறவும் பிறந்த பாரிஷும் முதன்முறையாக வருகின்றன. கிடைத்தால் 1861, 1871இலும் அதே ஆளைப் பாருங்கள். ஒருவர் பிறந்த ஊரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிச் சொல்வதுண்டு. பாரிஷ் உதவி தேவைப்படும் வயதில் சொந்த ஊர்ப் பெயரை யோசித்துத்தான் சொல்வார்கள்.

5. பதிவேட்டைப் படிப்பது

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. அந்த முதல் காகிதங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 1598இல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் நகலெடுக்கச் சொன்னபோது, குறைந்தது முதலாம் எலிசபெத் பட்டமேறிய 1558 முதலாவது எழுதினால் போதும் என்றார்கள். பல பதிவேடுகள் 1558இல் தொடங்குவது இதனால்தான். 1598க்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் அழகாக இருந்தால், நீங்கள் படிப்பது நகல். எழுதியவரின் பிழையும் சேர்ந்தே இருக்கும்.

எந்த வகைப் பதிவேடு, எந்தக் காலம் என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். 1813 ஜனவரி முதல் அச்சிட்ட படிவங்கள். ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில், அடக்கத்தில் வயது. அதற்கு முன் எழுதுபவரின் மனம்போல. "ஜான், ஜானின் மகன்" என்பதோடு முடிந்துவிடும், தாயின் பெயர்கூட இல்லாமல். எழுத்தர் மாறினால் தரமும் மாறும். செல்போர்னில் 1784 முதல் 1793இல் இறக்கும் வரை ஒயிட்டே உதவிக் குருவாக இருந்தார். ஊரைத் தலை எண்ணிக் கணக்கெடுத்தவரின் காலப் பதிவும் அவசரக்காரர் ஒருவரின் பதிவும் ஒரே தரத்தில் இருக்காது.

திருமணங்களுக்கு 1754 மார்ச் 25 ஒரு கோடு. அன்று நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டத்துக்குப் பிறகு தனிப் பதிவேடு, மணமக்களின் கையொப்பம் அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சிகள். சாட்சியைக் கண்டதும் உறவினர் என்று குதிக்க வேண்டாம். முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அதே பெயர் எல்லாத் திருமணத்திலும் இருந்தால் அவர் தேவாலய எழுத்தர். ஒரே ஒருமுறை வரும் பெயர்தான் உங்களுக்கு வேலை. கையொப்பத்தைப் படமெடுத்து வையுங்கள். ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓலை வாசிப்பு, அதாவது நடக்கப்போகும் திருமணத்தைத் தேவாலயத்தில் அறிவிப்பது, அதற்கான பதிவேடு தனி. மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததற்கு மட்டுமே அது ஆதாரம், திருமணம் நடந்ததற்கு அல்ல. ஆனால் மணமக்கள் இருவரின் பாரிஷிலும் ஓலை வாசிக்க வேண்டும் என்பதால், மற்றவர் எந்த ஊர் என்று அது சொல்லிவிடும். கல்யாணம் வழக்கமாகப் பெண் ஊரில். மாப்பிள்ளை ஊர்ப் பதிவேட்டில் திருமணம் காணவில்லை என்றால் ஓலையைப் பாருங்கள், அப்புறம் அந்த ஊருக்குப் போங்கள்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருந்தால் அவர்கள் ஒரே பிரசவம் என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு விலக்கு. வரிக்கு முந்தைய மாதத்தில் ஞானஸ்நானக் கூட்டம் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கும். அந்த ஆண்டுகளில் ஏழை என்று குறித்திருந்தால் வறுமைக்கும் ஆதாரம், வரி தப்பிய தந்திரத்துக்கும் இடம்.

கையெழுத்துக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் 1600இல் தொடங்காதீர்கள். 1812இல் தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். ஒவ்வொரு எழுத்தரின் கைக்கும் கண் பழகிவிடும். ஜான், மேரி, வில்லியம் போன்ற தெரிந்த பெயர்களிலிருந்து அவருடைய அகரவரிசையை ஒரு தாளில் வரைந்துகொண்டு, புரியாத குடும்பப் பெயரை அதனோடு ஒப்பிடுங்கள். லத்தீனில் இருந்தால் யாகோபுஸ் பெரும்பாலும் ஜேம்ஸ், குலியெல்முஸ் வில்லியம், கரோலுஸ் சார்ல்ஸ். உக்ஸோர் என்றால் மனைவி, விதுவா என்றால் விதவை. நூறு சொல் தெரிந்தால் பதிவேட்டுக்குப் போதும்.

இணைய அட்டவணை என்பது வேறொருவர் வாசித்து எழுதியது. ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் போன்ற இலவசத் தளங்களும், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்களும் பக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும். அசல் படத்தைத் திறந்து பார்க்கும் வரை அதைக் கிடைத்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள். ஓரத்தில் சிறிதாக எழுதிய "முறைதவறிப் பிறந்த குழந்தை", "பயணி", "இன்ன பாரிஷ்காரர்" போன்ற குறிப்புகள் அட்டவணையில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

6. தேதியைத் திருத்துவது

1751 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 புத்தாண்டானது 1752இல்தான். இதை மறந்தால் குடும்பமே குழம்பும்.

1720 ஏப்ரலில் ஒரு திருமணம். 1720 பிப்ரவரியில் அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம். பார்த்தால் கல்யாணத்துக்கு முந்திய பிள்ளை. உண்மையில் அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. பத்து மாதம் கழித்து, எல்லாம் முறையாக.

ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிகளை 1720/21 என்று இரண்டாகவே எழுதுங்கள். அசலில் உள்ளதும் தெரியும், நம் ஆண்டும் தெரியும். பக்கத்தில் ஆண்டுத் தலைப்பு எங்கே மாறுகிறது என்றும் பாருங்கள். சில எழுத்தர்கள் தலைப்பே போடாமல் பக்கம் பக்கமாக ஓட்டியிருப்பார்கள். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இடையில் 11 நாள் பதிவு இல்லை என்று பக்கம் கிழிந்ததாகத் தேட வேண்டாம்.

7. ஓட்டை விழுந்த ஆண்டுகளுக்கு

1642 முதல் 1660 வரை, உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த குடியரசும். ஏறக்குறைய எல்லாப் பாரிஷிலும் இந்தக் காலம் மெலிந்திருக்கும். 1653க்குப் பிறகு ஞானஸ்நானத்துக்குப் பதில் பிறப்பு எழுதச் சொன்னார்கள், திருமணம் நீதிபதி முன் நடந்தது. கிடைக்கவில்லை என்றால் உங்கள் தேடல் தவறு என்று பொருள் இல்லை.

மற்ற ஓட்டைகளுக்குத் திருமண்டல ஆயருக்கு (பிஷப்) ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைப் பாருங்கள். 1598 முதல் அனுப்ப வேண்டும் என்று விதி. எலி தின்ற, ஈரத்தில் மைபோன பக்கத்துக்கு இதுவே மாற்று. அசல் இருந்தாலும் ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. நகலெடுத்தவர் தனக்குத் தெரிந்த விவரத்தைச் சேர்த்திருப்பார், அல்லது ஒரு பெயரை விட்டிருப்பார்.

அப்படியும் ஒரு குடும்பத்தின் அடக்கங்கள் இருந்து ஞானஸ்நானம் மட்டும் இல்லையென்றால், அவர்கள் ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே இருந்திருக்கலாம். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் குடும்பங்களும் கல்லறைக்குப் பாரிஷ் தேவாலயத்துக்கு வர வேண்டியிருந்த ஊர்கள் ஏராளம். அந்தச் சபைகளின் பழைய பதிவேடுகளை 1837க்குப் பிறகு அரசு வாங்கித் திரட்டியது. அவை கியூவில் இருக்கின்றன.

8. ஒரே பெயர், பல ஆள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 700 பேர் உள்ள ஊரில் ஒரே குடும்பப் பெயரில் ஐந்தாறு வீடு. எல்லா வீட்டிலும் ஜானும் வில்லியமும் தாமஸும். நீங்கள் தேடும் ஜான் யார்?

உங்கள் ஆளை மட்டும் தேடுவதை நிறுத்துங்கள். அந்தக் குடும்பப் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும், நூறாண்டுக்கு, ஒன்றுவிடாமல் எழுதி எடுங்கள். எழுத்துக்கூட்டு மாறிய வடிவங்களையும் சேர்த்து. ஒரு நிகழ்வுக்கு ஒரு சீட்டு அல்லது விரிதாளில் ஒரு வரி. அப்புறம் ஒரு திருமணத்துக்கு ஒரு தாள் வைத்து, சீட்டுகளை அந்தந்தத் தாளில் அடுக்குங்கள்.

பிள்ளைகளுக்கு இடையே வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கும். ஒரே தாளில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஞானஸ்நானம் விழுந்தால் அங்கே இரண்டு குடும்பம் கலந்திருக்கிறது. ஆறேழு ஆண்டு இடைவெளி விழுந்தால் மனைவியின் அடக்கத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு பிள்ளை பக்கத்துப் பாரிஷில் இருக்கிறது. ஐம்பது வயதுத் தாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வந்தால், ஒன்று அது இரண்டாம் மனைவி, அல்லது நீங்கள் தவறான பெண்ணைச் சேர்த்திருக்கிறீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் அடக்கப் பதிவேட்டோடு சரிபாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். ஒரு வயதில் இறந்த ஜானின் பெயரையே அடுத்த மகனுக்கு வைப்பது அங்கே வழக்கம். முதல் ஜானைப் பிடித்து அவருக்குக் கல்யாணம் செய்துவைத்து, நாலு தலைமுறை கீழே இறங்கி வந்திருப்பார்கள். அதே பெற்றோருக்கு அதே பெயரில் இரண்டாவது ஞானஸ்நானம் இருந்தால், முதல் குழந்தை இறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடக்கத்தைத் தேடுங்கள்.

மூத்தவர், இளையவர் என்று எழுதியிருந்தால் அப்பா மகன் என்று கொள்ளாதீர்கள். ஊரில் அதே பெயருள்ள இருவரில் வயதில் பெரியவர், சிறியவர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் இளையவரே மூத்தவர் ஆகிவிடுவார். பதினெட்டாம் நூற்றாண்டில் மிஸஸ் என்பது பெண்ணின் அந்தஸ்தைக் காட்டும், கல்யாணம் ஆனதைக் காட்ட வேண்டியதில்லை. மருமகன் என்ற இடத்தில் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஜான் மிஞ்சினால் இரண்டையும் வைத்திருங்கள். பென்சிலால் "ஒருவேளை" என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பதிவேடு பிரிக்காததை வேறு காகிதம் பிரிக்கும்.

9. பாரிஷ் பெட்டியில் உள்ள மற்றக் காகிதங்கள்

பாரிஷ் பெட்டி என்றால் பாரிஷ் தன் கணக்கையும் காகிதங்களையும் வைத்திருந்த பெட்டி. ஏழைகளைப் பற்றிக் காகிதம் இருக்காது என்பது தவறான எண்ணம். இங்கிலாந்துக் கிராமத்தில் நடுத்தர விவசாயியைவிடப் பரம ஏழையைப் பற்றித்தான் அதிக விவரம் கிடைக்கும். அவருக்குச் சோறு போடுவது யார் பொறுப்பு என்று இரண்டு பாரிஷ்கள் சண்டை போட்டிருக்கும்.

1601 சட்டத்தின்படி தன் ஏழைகளுக்குப் பாரிஷே பொறுப்பு. 1662இல் வந்த செட்டில்மென்ட் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் யார் எந்த ஊருக்குச் சொந்தம் என்று வரையறுத்தன. தந்தையின் ஊர், பெண்ணுக்குக் கணவனின் ஊர், ஒரு வருடம் முழுதாகச் சம்பளத்துக்கு இருந்த ஊர், தொழில் பழகிய ஊர், ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகை கொடுத்த ஊர். சந்தேகம் வந்தால் இரண்டு நீதிபதிகள் முன் ஆளை நிறுத்தி விசாரிப்பார்கள்.

அந்த விசாரணை வாக்குமூலம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். எங்கே பிறந்தேன், எந்தப் பண்ணையில் என்ன சம்பளம், எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை, என்ன வயது என்று ஒரு கூலிக்காரர் தன் வாழ்க்கையையே சொல்லியிருப்பார். இரண்டு ஜானைப் பிரிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஊரைவிட்டு அனுப்பும் ஆணைகளும் கூடவே இருக்கும். ஆணையின் ஒரு பிரதி அனுப்பிய ஊரிலும் மற்றது ஏற்ற ஊரிலும் இருக்கும் என்பதால் இரண்டு பெட்டியையும் பாருங்கள்.

பாரிஷின் ஏழைகள் உதவியைக் கவனித்த மேற்பார்வையாளர்களின் கணக்குப் புத்தகத்தைத் தேதி வாரியாகப் படியுங்கள். ஒரு விதவைக்கு வாரம் இவ்வளவு ஷில்லிங் என்று ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று சவப்பெட்டிச் செலவு வந்து நின்றால் அவர் இறந்த வாரம் தெரிந்துவிடும். திருமணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை யார் என்பதும் ஞானஸ்நானப் பதிவில் இல்லாவிட்டாலும் ஜாமீன் பத்திரத்தில் இருக்கலாம். அந்தக் குழந்தையின் செலவு பாரிஷ் தலையில் விழாமல் இருக்கத் தந்தையிடம் எழுதி வாங்குவார்கள்.

1834 சட்டத்துக்குப் பிறகு இந்த வேலை பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியனுக்குப் போனது. செல்போர்னுக்கு ஆல்டன் யூனியன். தேடலும் அங்கே மாற வேண்டும். அதற்கு நாலு ஆண்டு முன், 1830 நவம்பரில், செல்போர்ன் கூலிக்காரர்கள் குருவானவரிடம் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கொடுப்பது) குறைக்கச் சொல்லி நெருக்கிவிட்டு, ஊரின் ஏழைகள் விடுதியைத் தாக்கினார்கள். இப்படியொரு கலவரம் உங்கள் ஊரிலும் நடந்திருந்தால் பாரிஷ் பெட்டியில் அதைத் தேடாதீர்கள். விசாரணை, நாடுகடத்தல் எல்லாம் அரசுக் காகிதம், கியூவில் இருக்கும்.

10. நிலமும் உயிலும்

1836 சட்டத்துக்குப் பிறகு தசமபாகத்தைப் பணமாக மாற்ற ஒவ்வொரு வயலையும் அளந்து வரைந்தார்கள். வரைபடத்தில் எண்; கூடவே உள்ள பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிமையாளர், குடியிருப்பவர், வயலின் பெயர், பரப்பு, பயிரா புல்லா என்ற விவரம். மூன்று பிரதி செய்தார்கள்: ஆணையருக்கு, திருமண்டல ஆயருக்கு, பாரிஷுக்கு. ஒன்று கிழிந்திருந்தால் மற்றதைக் கேளுங்கள்.

இதை 1841 சென்சஸோடு சேர்த்து வைத்துப் படிப்பதுதான் சரியான முறை. சென்சஸில் வீட்டு எண் இல்லை. கணக்கெடுத்தவர் நடந்த வழியை வரைபடத்தில் பின்தொடர்ந்தால், பட்டியலில் உள்ள குடியிருப்பவர் பெயர்களை வைத்து எந்த வீடு யாருடையது என்று பல இடங்களில் சொல்லிவிடலாம். உரிமையாளரையும் குடியிருப்பவரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மாளிகைபோல் தெரியும் நிலம் உங்கள் முன்னோருடையது அல்ல, அவர் அதில் குத்தகைக்காரர்.

அதற்கு முன்னே மேனர் நீதிமன்றச் சுருள்கள். ஒருவர் இறந்ததும் அவர் நிலம் யாருக்குப் போனது என்று எழுதியிருக்கும். அப்பா மகன் உறவுக்கு இது பதிவேட்டைவிட உறுதியானது. 1733 வரை பெரும்பாலும் லத்தீன், அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிலுக்கு 1858 ஜனவரி 12 எல்லைக்கோடு. அதன் பின் தேசிய அட்டவணை ஒன்றே போதும். அதற்கு முன் திருச்சபை நீதிமன்றங்கள். சொத்து ஓர் ஊருக்குள் என்றால் உள்ளூர் நீதிமன்றம், ஒன்றுக்கு மேற்பட்ட திருமண்டலத்தில் பரவியிருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் பேராயரின் மேல் நீதிமன்றம். உள்ளூரில் கிடைக்காவிட்டால் மேலே பாருங்கள். திருமணமான பெண்ணின் உயில் அரிது, விதவையின் உயில் தேடத்தக்கது. பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் பாட்டிதான் எழுதிவைப்பாள்.

11. காப்பகத்துக்குப் போகும் நாள்

எல்லாவற்றையும் இணையத்தில் முடித்த பிறகு போங்கள், நேரில் மட்டுமே பார்க்கக்கூடியதைப் பார்ப்பதற்காக. ஆவண எண்களை முன்கூட்டியே அனுப்பிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். படமெடுக்க அனுமதி வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. மைக்ரோஃபில்மோ படமோ இருக்கும் பதிவேட்டின் அசலைக் கேட்டால் பொதுவாகத் தரமாட்டார்கள்.

முதல் படம் எப்போதும் ஆவண எண் எழுதிய சீட்டாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து இருநூறு படத்தைப் பார்க்கும்போது எது எந்தப் புத்தகம் என்று வேறெப்படியும் தெரியாது.

12. ஆள் காணாமல் போனால்

ஞானஸ்நானம் உண்டு, அடக்கம் இல்லை, திருமணம் இல்லை. முதலில் அண்டைப் பாரிஷ்களின் வளையம், அப்புறம் பக்கத்துச் சந்தை நகரம், அப்புறம் லண்டன் என்ற வரிசையில் தேடுங்கள். அப்புறம்தான் பட்டாளமும் கடலும்.

கிழக்கிந்தியக் கம்பெனி வழி போனவர் என்றால் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களைப் பாருங்கள். சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கங்களின் நகல்கள் 1698 முதல் அங்கே என்/2 என்ற தொகுப்பில் இருக்கின்றன. அந்தப் பதிவுகள் ஆளின் இங்கிலாந்துக் கிராமத்தை வழக்கமாகச் சொல்வதில்லை. அதனால் பெயர் பொருந்தியதும் மகிழாமல், படைப்பிரிவைக் குறித்துக்கொண்டு ராணுவ ஆவணங்களுக்குப் போங்கள். சாதாரணச் சிப்பாய் என்றால் ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் பிறந்த இடத்தைத் தேடுங்கள். அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால் கேடட் விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்று வைக்க வேண்டியிருந்தது. பாரிஷ் குருவானவர் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த அந்தச் சான்றை நீங்கள் எடுத்த பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தேதியும் பெற்றோர் பெயரும் பொருந்தினால் பென்சிலில் எழுதிய "ஒருவேளை"யை அழித்துவிடலாம்.